பின்னாலேயே நடந்த பஸ் டிரைவர்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஜோடி நடனம் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் நீங்கள் முதலில் யாரைப் பற்றிக் கவலைப்படுவீர்கள்? பிள்ளையைப் பற்றியா, பிள்ளையைப் பெற்றவரைப் பற்றியா?

நான் பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட்டேன். அனுபவம் இல்லாததால் வந்த தப்பு அது. பிள்ளை பாட்டுக்கு ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தது. பெற்றவரைத்தான் பத்து நாள் கட்டி மேய்க்க வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறார். பதினோரு வருஷமாக ஒரே தடம். ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, மார்க்கெட், நீதிமன்றம், மறுபடி ரயில் நிலையம். நல்ல மனிதர். ஒரே ஒரு குறைதான். வேலை முடிந்ததும் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வருவார். ஸ்டியரிங்கை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். நான் அடுப்பில் எதையாவது கிளறினால், "மெதுவா, மெதுவா, ஓரத்துல இடிக்குது பாரு" என்பார். தெருவில் நடந்தால் பின்னாலிருந்து "இடது பக்கம் ஒதுங்கு" என்பார். மேசையை நகர்த்த வேண்டுமென்றால் நானும் பாப்பாவும் தூக்குவோம். அவர் "வா, வா, வா, போதும்" சொல்லுவார். சொல்லி முடித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.

வீட்டை ஓட்டுவது தான்தான் என்பது அவருடைய எண்ணம். எங்களுக்கும் ஆட்சேபணை இல்லை. ஓட்டுநருடன் பேசாதீர்கள் என்று பஸ்ஸிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்களே.

பாப்பா ஐந்தாம் வகுப்பு. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் கையில் நீலத் துணி ஒன்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தாள். எங்கேயோ விழுந்து வாரிக்கொண்டு வந்துவிட்டாள் என்று நான் பதறிப்போய் ஓடினேன்.

"அடி இல்லம்மா. இது பட்டை. நான் கூட்டிப்போறவ."

"யாரை? எங்கே?"

"டான்ஸுலம்மா!"

பிறகு மூச்சுவிடாமல் சொன்னாள். பெற்றோர் நாளுக்காகப் புது டான்ஸ் மாஸ்டர் வந்திருக்கிறார். இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடத்தைச் சுற்றி வர வேண்டும். ஜோடியில் ஒருவர் கூட்டிப்போகிறவர், இன்னொருவர் கூடவருகிறவர். கூட்டிப்போகிறவர் முன்பக்கமாக நடப்பார். வழி பார்ப்பது, திருப்புவது, நிறுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. கூடவருகிறவர் பின்பக்கமாக நடப்பார். அவருக்கு முதுகில் கண் இல்லை. அதனால் இடிக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கூட்டிப்போகிறவரின் வேலையே. வகுப்பில் பன்னிரண்டு பையன்கள், இருபத்திரண்டு பெண்கள். பையன்களோடு பன்னிரண்டு பெண்கள் போக, மிச்சம் பத்துப் பேர். அதில் ஐந்து பெண்களுக்கு மாஸ்டர் நீலப் பட்டை கட்டிவிட்டிருக்கிறார்.

"உன் ஜோடி யாரு?"

"பஞ்சு."

பஞ்சுவை எனக்குத் தெரியும். பெயருக்கேற்ற எடை. ஊதினால் பறந்துவிடுவாள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பாள்; அதைக் கழற்றினால் எதிரே நிற்பது டீச்சரா தூணா என்று தெரியாது. டான்ஸின் முதல் வகுப்பில் ஒரு பையன் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கரும்பலகையில் மோதினான். இரண்டாவது பையன் டீச்சர் மேலேயே மோதினான். மூன்றாவது வகுப்பில் வயிற்றுவலி என்று சொல்லிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மாஸ்டர் யோசித்துப் பார்த்து அவளை எங்கள் பாப்பாவிடம் கொடுத்திருக்கிறார்.

"இடிக்கவே இல்லம்மா. அவ கண்ணை மூடிக்கிட்டே வந்தா!"

அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட அந்த முகம் இல்லை. (அவள் முதலாவதாக வந்ததே இல்லை. வந்திருந்தாலும் இருந்திருக்காது என்கிறேன்.)

வீட்டுக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பட்டையைப் பார்த்துவிட்டார். விஷயத்தைச் சொன்னோம். ஒரு செருப்போடு அப்படியே நின்றார்.

"அப்போ நீ ஆம்பளைப் பையன் இடத்துல நிக்கறியா?"

"கூட்டிப்போறவ இடத்துலப்பா."

"ரெண்டும் ஒண்ணுதான். நான் டிப்போவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே! எம் பொண்ணு பம்பரம் மாதிரி சுத்தப் போறான்னு!"

"நான் சுத்தறவ இல்லப்பா. சுத்திவிடறவ."

"ஏன், சுத்தறதுக்கு என்ன குறைச்சல்? பாவாடை விரிஞ்சு பூ மாதிரி இருக்கும். ஏம்மா, நீயாவது சொல்லேன்."

"நான் என்னங்க சொல்றது? நான் எட்டாங்கிளாஸ் வரைக்கும் ஒரே ரூம்ல படிச்சவ. எங்க பள்ளிக்கூடத்துல டான்ஸுன்னா, வாத்தியார் பிரம்பு எடுக்கும்போது குதிப்போமே, அது ஒண்ணுதான்."

"இது விளையாட்டு இல்ல. நாளைக்கே போய்ப் பெரிய டீச்சரைப் பாக்கறேன். ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வர்றேன்!"

மறுநாள் காலை அறுபது பயணிகளை அதட்டும் தொண்டையைச் சரிசெய்துகொண்டு போனார். பெரிய டீச்சர் அவரை ஒன்றாம் வகுப்பு நாற்காலியில் உட்காரச் சொன்னாராம். முழங்கால் இரண்டும் காதுப்பக்கம் வர உட்கார்ந்துகொண்டு, கையைக் கட்டி, "நமஸ்காரம் டீச்சர்" என்றாராம். அவரே சொன்னதுதான். பெரிய டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு வழி சொல்லியிருக்கிறார். அடுத்த வார வெள்ளிக்கிழமை ஒத்திகை. அதில் பாப்பா கூடவருகிறவளாக நன்றாக ஆடிக் காட்டினால், அப்பாவும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால், மாஸ்டர் இடத்தை மாற்றிவிடுவார்.

"பத்து நாள் இருக்கு" என்றார் வீட்டுக்காரர். "நானே பழக்கிவிடறேன். நான் கூட்டிப்போறேன், அவ கூடவரட்டும். தினம் ஐந்நூறு பேரைக் கூட்டிட்டுப் போறவன் நான். ஒத்தைப் பொண்ணு என்ன பெரிய விஷயம்?"

பாப்பா அடுக்களைக்குள் ஓடிவந்தாள். அரிசி டின் மேல் உட்கார்ந்து அழுதாள்.

"என்னை மாத்திட்டா பஞ்சு யார்கூடம்மா ஆடுவா? திரும்ப அந்தக் கரும்பலகைப் பையன்கிட்ட விட்டுடுவாங்க. அவ வரவே மாட்டா. திரும்ப வயித்துவலின்னு சொல்லுவா."

"அப்பாகிட்ட மாட்டேன்னு சொல்லாதே."

"ஏன்?"

"மாட்டேன்னு சொன்னா அப்பாவுக்குப் பிடிவாதம் வரும். சரின்னு சொல்லு. அப்போ அப்பாவுக்கு என்ன வரும்னு அவருக்கே தெரியாது. மிச்சத்தை அப்புறம் யோசிப்போம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை. திட்டத்தை அவரேதான் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேசையை நானும் பாப்பாவும் சுவரோரம் தூக்கி வைத்தோம். அவர் "வா, வா, போதும்" சொன்னார். நீலப் பட்டையை வாங்கித் தன் கையில் கட்டப் பார்த்தார். புஜத்துக்கு எட்டவில்லை, மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். நான் வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"சரி பாப்பா. முதல்ல, யாரு முன்னால நடக்கறது, யாரு பின்னால நடக்கறது?"

பாப்பா வாயைத் திறந்தாள்.

"இரு, இரு. நீ சொல்லாதே. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? டிப்போவுல தினம் பாக்கறேன். பஸ்ஸை இடுக்கமான ஷெட்டுல விடும்போது கண்டக்டர் என்ன பண்ணுவான்? பஸ்ஸுக்கு முன்னால வந்து நின்னு, பஸ்ஸைப் பாத்துக்கிட்டே, வா வான்னு பின்பக்கமாவே நடப்பான். பஸ் அவனைப் பாத்து வரும். ஆக, கூட்டிப்போறவன் பின்பக்கமா நடக்கணும். கூடவர்றவ முன்பக்கமா வரணும். சரிதானே?"

பாப்பா என்னைப் பார்த்தாள்.

நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

"சரிதானேம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"பஸ் விஷயத்துல நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

இதில் நான் எங்கே பொய் சொன்னேன்? நீங்களே சொல்லுங்கள். பாப்பாவுக்குப் புரிய ஒரு விநாடி ஆனது. அப்புறம் கன்னத்தைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வலது கையை அப்பாவின் முதுகில் வைத்தாள். அது இடுப்புக்குத்தான் எட்டியது. "நீங்க என் தோள்ல கை வைங்கப்பா" என்றாள்.

"ஆமா, தோளைப் பிடிச்சாத்தானே கூட்டிப்போக முடியும்!" என்றார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள் பாப்பா.

மூணு என்றதும் அவர் நின்றுவிட்டார். பாப்பா போய் அவர் வயிற்றில் முட்டினாள்.

"ஏன்ப்பா நின்னுட்டீங்க?"

"கண்டக்டர் மூணு தட்டு தட்டினா எங்க வேலையில பஸ்ஸை உடனே நிறுத்தணும். ஒரு தட்டு நில்லு, ரெண்டு தட்டு போ, மூணு தட்டு ஆபத்து."

முதல் இரண்டு நாள் இதே கதைதான். பாப்பா மூன்று என்று எண்ணும்போதெல்லாம் அவருக்கு ஆபத்து. பதினோரு வருஷப் பழக்கம் காலில் இருந்தது. கட்டிலில் இடித்தார், அலமாரியில் இடித்தார், ஒருமுறை தண்ணீர் வாளியில் உட்கார்ந்தே விட்டார். இடித்த ஒவ்வொரு தடவையும், "பாத்து வரக்கூடாதா பாப்பா?" என்பார். பாப்பா, "இனிமே பாத்துக் கூட்... பாத்து வர்றேன்ப்பா" என்பாள்.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரக்கா இருக்கிறாள். அவள் மெஷின் ஜன்னலோரம். எங்கள் வீட்டு முன்னறை அவளுக்கு சினிமாத் திரை மாதிரி. நாலாம் நாள் கூப்பிட்டாள்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஏதாவதா? நாலு நாளா பின்னாலேயே நடக்கறாரு."

"டான்ஸ் சொல்லிக்கொடுக்கறாருக்கா."

"யாருக்கு?"

"பொண்ணுக்கு."

"பொண்ணு முன்னால வருது. இவரு பின்னால போறாரு. இதுல யாரு யாருக்குச் சொல்லிக்கொடுக்கறது?"

"அது அவருக்கு மட்டும் தெரியாதுக்கா."

அக்கா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். கடைசி ஊசியையும் வைத்துவிட்டு அப்புறம்தான் சிரித்தாள். தொழில் தெரிந்தவள்.

ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து எனக்குச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

அதுவரை அவர் ஒவ்வொரு அடிக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கழுத்தை எனக்குத் தெரியும். வலது கண்ணாடி, இடது கண்ணாடி, உள்ளே இருக்கும் கண்ணாடி என்று நாள் முழுக்கத் திரும்பி, பின்னங்கழுத்தில் கயிறு மாதிரி ஒரு முடிச்சு விழுந்திருக்கும். எத்தனை தைலம் தேய்த்தாலும் அது இளகியதில்லை. சனிக்கிழமை பாப்பா சொன்னாள்: "அப்பா, திரும்பாதீங்க. நான் பாத்துக்கறேன்." அவர் திரும்பவில்லை. பாப்பா முதுகில் வைத்த கையை லேசாக அழுத்தினாள். அவர் வளைந்து போனார். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே, எங்கேயும் படாமல். இன்னொரு சுற்று போனார்கள். அவர் தோள் இரண்டும் ஒரு விரல்கடை கீழே இறங்கியதை நான் பார்த்தேன். கல்யாணமானதிலிருந்து அந்தத் தோள்கள் இறங்கி நான் பார்த்ததில்லை.

"இந்த வேலை இவ்வளவு சுகமாம்மா!" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "கூட்டிப்போறதுன்னா என்னவோ பெரிய பாரம்னு நினைச்சேன். எங்கே திரும்பறதுன்னு யோசிக்கவே வேண்டியதில்ல. நான் நினைக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் தானா நடக்குது!"

"சில பேருக்கு அப்படி அமையுங்க" என்றேன்.

எங்கள் குடும்பமும் அப்படித்தான் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நீங்களாக நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் மேசையில் உட்கார்ந்து பெரிய டீச்சருக்குக் கடிதம் எழுதினார். எழுதிவிட்டு வாசித்துக் காட்டினார். எனது மகளுக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு வேண்டாம், கூடவரும் இடம் தந்தால் போதும் என்று இருந்தது.

"பையன் இடத்துல நிக்கக்கூடாதுன்னு ஒரு வார்த்தைகூட எழுதலையே?" என்றேன்.

"அது டிப்போவுல சொல்றதுக்கு."

"அப்போ நிஜமா எதுக்குங்க?"

பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஆஸ்பத்திரி கேட்டுல பஸ் இடிச்சுதே, ஞாபகம் இருக்கா? வரலாம்னு விசில் ஊதினது கண்டக்டர். உள்ளே நின்னு வழியை மறைச்சது அறுபது பேர். ஆனா இறங்கினதும் எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. ஒரு கிழவர் ஒண்ணுமே பேசல, சும்மா தலையை ஆட்டிட்டுப் போனார். அது இன்னும் என் கண்ணுலயே நிக்குது. முன்னால இருக்கறவன் மேலதாம்மா எல்லாம் விழும். நாளைக்கு அந்தச் சின்னப் பொண்ணு விழுந்து கண்ணாடி உடைஞ்சா யாரைச் சொல்லுவாங்க? எம் பொண்ணைத்தான். பத்து வயசுல அவளுக்கு எதுக்கு அந்தப் பாரம்? சும்மா சுத்திட்டு வரட்டுமே."

என் கையிலிருந்த துணி மடிக்காமல் அப்படியே நின்றது. ஆளை ஏமாற்றுவது சுலபம்தான். ஆனால் அந்த ஆள் பாசத்தோடு உட்கார்ந்திருக்கும்போது ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "இன்னைக்குச் சீக்கிரமே ஆரம்பிச்சிடுவோமா? பாப்பாவை எழுப்பு" என்றார். சினிமாவுக்குக் கிளம்புகிற பையன் முகம் மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலை தலை பின்னிவிடும்போது பாப்பாவிடம் கேட்டேன்.

"அப்பாகிட்ட சொல்லிடலாமா?"

"சொன்னா மாத்திடுவாரா?"

"தெரியல. இடிச்சா உன்னைத்தானே திட்டுவாங்கன்னு அவருக்குப் பயம்."

பாப்பா பின்னல் முடியும் வரை ரிப்பனைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"ஒரு தடவை இடிச்சேம்மா. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"எங்கே?"

"பெஞ்சுக் கால்ல. பஞ்சு விழுந்துட்டா. மாஸ்டர் என்னைத்தான் திட்டினாரு."

"அப்புறம் ஏண்டி அந்தப் பட்டைக்கு இப்படி அடிச்சுக்கறே? விட்டுட்டு நிம்மதியா இருக்கலாமே?"

"அவ எழுந்து திரும்பவும் என்கிட்டதாம்மா வந்தா" என்றாள். "அப்போ நான் எப்படிம்மா விடறது?"

ரிப்பனை வாங்கிக் கட்டிவிட்டேன். இரண்டு முடிச்சு அதிகமாகவே போட்டுவிட்டேன் போலிருக்கிறது. அதற்கப்புறம் அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பதினோரு வருஷம் பஸ் ஓட்டியவருக்குச் சொல்லிப் புரியாதது, ஆடிப் பார்த்தால் புரியலாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஷிப்டை மாற்றிக்கொண்டு, இஸ்திரி போட்ட டிரைவர் சட்டையோடு கிளம்பினார். மணிக்கட்டில் நீலப் பட்டை. பையில் கடிதம்.

பள்ளிக்கூடக் கூடத்தில் பெஞ்சுகளை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். பதினாறு ஜோடிகள் வரிசையாக நின்றன. பஞ்சு மட்டும் தனியாகச் சுவரோரம் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் போடுவதுமாக இருந்தாள். அவள் ஜோடிதான் எங்களோடு வந்து நிற்கிறதே. டான்ஸ் மாஸ்டர் குதிகால் தரையில் படாமல் நடக்கிற ஆள். அப்படியே மிதந்து வந்தார்.

"சார், எம் பொண்ணு கூடவர்றதுல கெட்டி" என்றார் என் வீட்டுக்காரர். "பத்து நாளா நானே பழக்கியிருக்கேன். ஆடிக் காட்டறோம். பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

"தாராளமா ஆடுங்க" என்றார் மாஸ்டர். பாட்டைப் போட்டார்.

ஆடினார்கள். என்ன சொல்ல! என் வீட்டுக்காரரின் பெரிய உடம்பு ஒரு தூசு மாதிரி பின்னாலேயே போனது. பாப்பா அவர் இடுப்பில் வைத்த கையால் திருப்பினாள், திரும்பினார். நிறுத்தினாள், நின்றார். அடுக்கிய பெஞ்சுகளுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. அதில் அவரைப் பின்பக்கமாகவே நுழைத்து வெளியே கொண்டுவந்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பாட்டு நின்றது. மாஸ்டர் ஓடிவந்து என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார்! பத்து நாள்லயா பழகினீங்க? இத்தனை வருஷத்துல இவ்வளவு அருமையா கூடவர்ற பெரியவங்களை நான் பாத்ததே இல்ல! பெரியவங்க யாரும் லேசுல விட்டுக்கொடுத்து வரமாட்டாங்க. இழுப்பாங்க. நீங்க ஒரு இடத்துலகூட இழுக்கல!"

"கூட... வர்றவங்களா?" என்றார் வீட்டுக்காரர். "நான் கூட்டிப்போனேன் சார்."

"நீங்க பின்னாலதானே சார் போனீங்க?"

"ஆமா. கூட்டிப்போறவன் பின்னாலதானே போவான்?"

 ஐந்தாம் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில், "இல்...லை!" என்றது.

மாஸ்டர் மரியாதையாக அவர் மணிக்கட்டிலிருந்த பட்டையை அவிழ்த்தார். பாப்பாவின் கையில் கட்டினார். வீட்டுக்காரர் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இவ்வளவு பெரிய ஆளையே இடிக்காம கொண்டுபோறவளை நான் மாத்தணுமான்னு யோசிக்கறேன் சார்" என்றார் மாஸ்டர். "ஆனா நீங்க அப்பா. கடிதத்தைக் கொடுத்தீங்கன்னா மாத்திடறேன். உங்க இஷ்டம்தான்."

அவர் சட்டைப்பையில் கையை வைத்தார். பாப்பா என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.  அவர் எங்கள் பக்கம் வரவில்லை, மாஸ்டர் பக்கமும் போகவில்லை. நேராகச் சுவரோரம் போய், பஞ்சுவின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போய் நின்றேன்.

"கண்ணு, என் பொண்ணு உன்னை எங்கேயாவது இடிச்சாளா?"

பஞ்சு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தாள்.

"ஒரே ஒரு தடவை."

"யாரைத் திட்டினாங்க?"

"அவளைத்தான்."

"அழுதாளா?"

"ம். நான்தான் கண்ணைத் துடைச்சுவிட்டேன். நான் விழுந்ததைவிட அவளுக்குத்தான் ரொம்ப வலிச்சுது."

அவர் ரொம்ப நேரம் தரையைப் பார்த்தார். ஆஸ்பத்திரி கேட்டில் இவர் கண்ணைத் துடைக்க யாரும் வரவில்லையே என்று எனக்குத் தோன்றியது. அன்று வீட்டுக்கு வந்தபோது நான்கூட முதலில், "எப்படிங்க இடிச்சீங்க?" என்றுதான் கேட்டேன்.

"பின்பக்கமா போறப்போ உனக்குப் பயமா இல்லையா?" என்றார்.

"முதல்ல இருந்துச்சு. உங்களுக்கு, அங்கிள்?"

"எனக்கும் ரெண்டு நாள் இருந்துச்சு. வாளியில எல்லாம் உட்காந்தேன்."

"அப்புறம் அவ கையை அழுத்தும்போது தெரியும், இல்ல?"

"ஆமா. தெரியும்."

கூடவருகிறவர்கள் இரண்டு பேரும் தொழில் விஷயம் பேசிக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்கள். அவர் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். என்னிடம் நீட்டினார்.

"இதை வெச்சுக்கோ. அடுப்பு மூட்ட ஆகும்" என்றார். அப்புறம் என்னை முறைத்தார். "வெங்காயம் உரிச்சியே, வெங்காயம்! வீட்டுக்கு வா, பேசிக்கறேன்."

"சரிங்க" என்றேன். சரி என்று சொன்னால் அவருக்கு என்ன வரும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

பாப்பா ஓடிவந்து பஞ்சுவின் கையைப் பிடித்தாள். வரிசைக்குப் போகிற வழியில் பஞ்சு மட்டும் கையை விடுவித்துக்கொண்டு திரும்பி வந்தாள். என் வீட்டுக்காரரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, அவர் குனிந்ததும், யார் மனமும் புண்படக்கூடாது என்கிற கவனத்தோடு கேட்டாள்:

"அங்கிள், நாளையிலேர்ந்து நீங்க வேற ஜோடி பாத்துக்கறீங்களா?"